ஆயில் எங்கே கசிந்தது

என் சகலையை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது கோலமாவு பூசிய ஒரு கார் எஞ்சின்தான். திண்டிவனத்தில் அவருடைய உரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த பழைய சின்னக் கார். பானெட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தாகிவிட்டது. டீசல் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்த எஞ்சினில் மேலும் கீழும், இண்டு இடுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு. அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, வாசலுக்கு வைத்திருந்த டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தூவியிருந்தார். ஆயில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் வெள்ளையில் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா. நல்ல யோசனைதான். பட்டறை வைத்திருக்கிற எனக்குத் தோன்றாமல் உரம் விற்கிறவருக்குத் தோன்றியதில் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. ஆனால் அவரைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, தலையிலும் தாடியிலும் மாவோடு, "வெளிய வந்துடு, எங்க இருந்தாலும் வந்துடு" என்று அந்த ஆயிலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷன் ஒருவர் இரும்பைப் பார்த்து அப்படிக் கெஞ்சுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சகலை என்ற உறவே ஒரு மாதிரியானது. ரத்த சம்பந்தம் கிடையாது. அக்காளையும் தங்கையையும் கட்டிக்கொண்ட பாவத்துக்கு ஒரே மாமனார் வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். எங்களைச் சேர்த்து வைத்தது அந்தக் கார்தான். விழுப்புரத்தில் எனக்கு லேத் பட்டறை. கரும்பு டிராக்டர், பம்ப்செட், நெல் அறுக்கும் மெஷின் என்று எது உடைந்தாலும் என்னிடம் வரும். சகலைக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரேஸ் பைத்தியம். சென்னைக்குப் போகிற வழியில் உள்ள ரேஸ் டிராக்கில், தொழில்முறை ஆட்களை விட்டுவிட்டு, அவரைப் போலச் சொந்தக் காசில் ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கென்று போட்டி நடக்கும். கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஜெயித்ததெல்லாம் இல்லை. கடைசிக்கு முந்தினவராக வந்தாலே ஊர் திரும்புகிற வழியில் எனக்கு பிரியாணி வாங்கித் தருவார். கடைசியாக வந்தால் நான் வாங்கித்தர வேண்டும். இதில் என்ன நியாயம் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

எங்களோடு வளவனூரிலிருந்து ஒரு தம்பியும் வருவான். கல்யாண வயதில் இருந்தவன். தகப்பன் இல்லை, அம்மாவும் அவனும் மட்டும்தான். அதே ரகக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அவனும் ஓட்டினான். டிராக்கில் சகலைக்குப் போட்டி, டிராக்கை விட்டு இறங்கினால் கூடப்பிறந்தவன் மாதிரி. இரண்டு கார்களும் சகலையின் கொட்டகையில்தான் நிற்கும். ஒருவர் காரை மற்றவர் எடுத்து ஓட்டிப் பார்ப்பதெல்லாம் சகஜம். அவன் சகலையைவிட நன்றாகவே ஓட்டுவான். அதை சகலையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அந்த மாசி மாதப் போட்டியில்தான் எல்லாம் போனது. சகலை முன்னால், தம்பி அவரை ஒட்டிப் பின்னால். நீளமான வளைவு ஒன்றில் சகலையின் கார் ஆயிலைக் கொட்டியது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் எஞ்சினை அணைத்து ஓரம் கட்டினார். அதற்குள் தம்பி அந்த ஆயில் மேல் வந்துவிட்டான். கார் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கதவு உள்ளே மடங்கி அவன் தொடையோடு ஒட்டியிருந்தது. தொடை எலும்பும் இடுப்பும் உடைந்திருந்தன. அவனை வெளியே எடுக்கிற வரை அவன் போட்ட சத்தத்தை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. சகலை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அந்த ஆயில் தடத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் அம்மா சகலையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆபரேஷன் முடிந்து, இந்தக் கால் இனிமேல் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்த அம்மா சகலையிடம் வந்து நின்றார். "எம்புள்ள நடக்க மாட்டானாம். உன் வண்டியில என்னா கோளாறு? அதையாவது சொல்லு. நீ ஒழுங்கா பாக்காம உட்டதா, இல்ல என் தலையெழுத்தா? எனக்குத் தெரியணும்." சகலை வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சகல, ஆயில் ஃபில்டர் நான் போட்டது. ரேசுக்கு முன்னாடி என் கையால மாத்தினேன். பழைய ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கினு நின்னு, அதுமேல நான் புதுசப் போட்டிருந்தா? அப்படி மட்டும் இருந்துச்சின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மாதிரி இரண்டு வளையம் சேர்ந்துவிட்டால் ஓட்டம் சூடேறும்போது பிதுங்கி மொத்த ஆயிலும் வெளியே வந்துவிடும். பழகிய மெக்கானிக்குகளே செய்கிற தப்பு அது. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரைத் தனியாக விட எனக்கும் அவர் மனைவிக்கும் பயம். பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டுத் தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் போனேன்.

முதலில் ஃபில்டரைத்தான் கழற்றினோம். கழற்றினேன் என்று சொல்ல வேண்டும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வளையம் ஒன்றுதான் இருந்தது. சரியாக உட்கார்ந்து, சரியாக இறுகியிருந்தது. "ஒண்ணுதான் சகல, நீ போட்டது நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்து டீ வாங்கிவரச் சொன்னேன். டீ வருவதற்குள், "அப்ப வேற எங்கிருந்து வந்துச்சு?" என்று எழுந்துவிட்டார். ஆயில் அழுத்தத்தைப் பார்க்கும் சின்ன சுவிட்சைக் கழற்றினோம், ஈரமில்லை. ஆயில் அதிகமாக ஊற்றிவிட்டால் மூச்சுக்குழாய் வழியாகத் துப்பும், அதைப் பிடிக்க ஒரு டப்பா வைத்திருப்போம். அதுவும் காய்ந்து கிடந்தது. கியர்பாக்ஸைப் பிரித்து இறக்கிப் பின்பக்கத்து சீலைப் பார்த்தோம். முதுகு ஒடிகிற வேலை, அதிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் சகலை தன் தப்பு வெளியே வரப்போகிறது என்று நடுங்குவார். அது நன்றாக இருந்துவிட்டால் இன்னும் மோசமாக நடுங்குவார். சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிட்டு வந்து காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். கடைக்கு யூரியா கேட்டு வந்தவர்கள் அவர் கோலத்தைப் பார்த்துவிட்டுப் வாங்காமலே திரும்பிப் போனார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்க் காணிக்கை வைத்துவிட்டு வரலாம் என்று அவர் மனைவி அழுதார். எனக்கும் கோபம் வந்து, "எதுக்கு இந்த பேஜாரு, எடைக்குப் போட்டுட்டு வேலையப் பாரு" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தம்மா கேட்டாங்கல்ல சகல. என்னா பதில் சொல்றது?" என்றார்.

கோலமாவு தூவியது அதற்கப்புறம்தான். புது ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். மாவு மாவாகவே இருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. சகலை அடியிலிருந்து வெளியே வந்து சக்கரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்கிறோம். டிராக்கில் அது கொதிக்கக் கொதிக்க ஓடியது. நல்ல சூட்டில் மட்டும் வாயைத் திறக்கிற ஓட்டையாக இருந்தால்? கொட்டகையில் கிடந்த மல்லாட்டைச் சாக்கு, அதாவது வேர்க்கடலைச் சாக்கு ஒன்றை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் காற்று போகாதபடி கட்டினேன். முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கியிருந்ததால் கியரில் போட்டு, பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்து ஓட்டச் சொன்னேன். எஞ்சின் முனகியது. சூட்டில் மாவு வாசனை கிளம்பியது. நான் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்திருந்தேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற அலுமினியப் பாத்திரம் இருக்கிறதே, மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள், அதன் பின்புறச் சரிவில், குறுக்குச் சட்டம் மறைக்கிற இடத்தில், மாவில் ஒரு கறுப்புக்கோடு மெதுவாக ஊறி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒழுகத் தொடங்கியது.

அணைத்து ஆறவிட்டுச் சேம்பரைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். முடி போல மெல்லிய ஒரு விரிசல். அதைச் சுற்றி அலுமினியம் உராய்ந்து பளபளத்தது. கல்லில் அடிபட்ட காயம். விரிசலுக்குள் நீல நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பெயிண்டா, பசையா என்று புரியவில்லை. பக்கத்து வாளித் தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்தேன், நுரைத்தது. துணி துவைக்கிற பார் சோப்பு. எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான் அது. டீசல் டேங்க் வழியில் ஓட்டையானால் சோப்பை அழுத்தித் தேய்த்து ஊர்வரை ஓட்டி வந்துவிடுவார்கள். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் சோப்பு கரையாது. வீட்டுக்கு வந்து சேரலாம். ரேஸ் சூட்டில் இளகிவிடும். சேம்பர் போல்ட் குழியில் அந்த சோப்போடு சேர்ந்து இரண்டு மூன்று உளுந்தும் ஒட்டியிருந்தது.

உளுந்தைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தார்ரோடெல்லாம் உளுந்துக் களம்தான். செடியைப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்க விடுவார்கள். மணி பிரிந்து காய்கிற இடத்தில் யாரும் ஏறக்கூடாது என்று ஓரமாகப் பெரிய பெரிய கல்லை வரிசையாக வைத்துவிடுவார்கள். ரேஸ் கார் தரையோடு தரையாக இருக்கும். அதனால் சகலை அதை ரோட்டில் இறக்கவே மாட்டார், எங்கே போனாலும் டிரெய்லர்தான். ஒரே ஒரு தடவை மட்டும் ரோட்டில் போனது. ரேசுக்கு முந்தின நாள் காலையில், காரின் எடை விதிப்படி இருக்கிறதா என்று பார்க்க, மரக்காணம் ரோட்டில் உள்ள லாரி எடைமேடைக்கு. சகலைக்குக் கடையில் கூட்டம். டிரெய்லரும் அன்று கையில் இல்லை. "குடுங்கண்ணா, நான் ஜல்தியா போட்டுட்டு வந்துடறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவன் வளவனூர்த் தம்பி. எடைச்சீட்டோடு திரும்பி வந்தான். வேறெதுவும் சொல்லவில்லை.

நான் சேம்பரைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தம்மா முன்னாடி வெச்சி அவனக் கேக்கறேன்" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷன் சாகிற நிலைக்கு வந்துவிட்டான். அந்தத் தம்பி கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறான். சகலை என் கையிலிருந்து சேம்பரை வாங்கினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "அவனத் தூக்கி நிறுத்தணும்னா அவங்க அம்மாதான் நிறுத்தணும் சகல. உம்புள்ளையேதான் தன் கால ஒடைச்சிக்கினான்னு அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னா, ரெண்டு பேருல யாரு எழுந்து நிப்பாங்க?" என்றார். அதற்காக நீ ஏன் சுமக்க வேண்டும் என்று கத்தினேன். "வண்டி என்னோடது. டிராக்ல எறக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சி அடியில பாத்தனா? பாக்கல. கொட்டினது என் ஆயிலுதான்" என்றார். சேம்பரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று என் தலைமேல் கையை வைத்துவிட்டார். என்னைக் கேட்காமலே வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் அதில் எனக்கு ஆத்திரம்தான்.

மறுநாள் நானும் கூடப் போனேன். தம்பி கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி கிடந்தான். அம்மா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சகலை நின்றபடியே சொன்னார். "கோளாறு தெரிஞ்சிடுச்சிம்மா. ஃபில்டர் மாத்தும்போது பழைய ரப்பரை எடுக்காம வுட்டுட்டேன். என் தப்புதான்." அவர் எந்தத் தப்புக்குப் பயந்து இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தாரோ, அதையே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். நான் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபில்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் கண்ணைத் திறந்து சகலையைப் பார்த்தான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. வாய் கோணியது. ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். அந்த அம்மா ஆரஞ்சைக் கீழே வைத்தார். "ஒரு ரப்பருக்கு எம்புள்ளையக் குடுத்துட்டன். நீ நல்லா இருக்க மாட்டே, போ" என்றார். சகலை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டவில்லை. காரை எடைக்குப் போட்டார். அந்த அம்மா சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சொன்னார். வளவனூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் சகலை பந்தியில் உட்கார்ந்தால் சிலர் எழுந்து போனார்கள். அவர் மனைவி விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். அவருக்கும் உண்மை தெரியாது. ஃபில்டர் நன்றாக இருந்ததை நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. புருஷன் ஒரு ரப்பரைக் கவனிக்காமல் விட்டதாகத்தான் அவரும் நம்பினார். கோபத்தில் ஒருநாள் சொல்லிக்காட்டியதையும் நான் கேட்டிருக்கிறேன். தம்பி கம்பு ஊன்றி நடக்கப் பழகி, ஊரில் செல்போன் கடை வைத்தான். ஒருமுறை அந்தக் கடைக்கே போய் அவனை நேராகக் கேட்டேன். "எழுந்து நடந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன்ணா. அப்புறம் அம்மாவுக்கு பிரஷர் ஜாஸ்தி ஆயிடுச்சி. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியாம போயிடுச்சி" என்றான். ஆயில் நின்றுவிட்டது என்று நம்பித்தான் சோப்பைத் தேய்த்தானாம். எடைமேடைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கினானாம். நான் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன். அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

போன மாதம் அந்த அம்மா இறந்துபோனார். செய்தி கேட்டதும் சகலை எனக்கு போன் செய்து, "மாலை வாங்கிக்கினு வர்றேன், பஸ் ஸ்டாண்டுல நில்லு" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சாவு வீட்டில் எங்களை யாரும் வா என்று சொல்லவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்றோம். எடுக்கும்போது தம்பி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். ஒரே பிள்ளை, அவன்தான் தூக்கியாக வேண்டும். இரண்டு கையிலும் சட்டியைப் பிடித்ததால் கம்பை ஊன்ற முடியவில்லை. குட்டையான காலை இழுத்து இழுத்து வந்தவன் எங்களுக்கு எதிரில் வந்ததும் தள்ளாடினான். நான் யோசிப்பதற்குள் சகலை தெருவில் இறங்கி அவன் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டார்.

தம்பியின் தாய்மாமன் பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். "கால ஒடைச்சவன் கைத்தாங்கல் குடுக்க வந்துட்டியா? எட்டி நில்லு." சகலை எட்டி நின்றார். தம்பி நகரவில்லை. சட்டியிலிருந்து புகை அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "அவரு இல்ல மாமா" என்றான். பறைச்சத்தத்தில் மாமாவுக்குக் கேட்கவில்லை. தம்பி குரலை உயர்த்தினான். "அவரு ஒண்ணும் பண்ணல. கல்லுல வுட்டது நான். சோப்பப் போட்டு மறைச்சதும் நான். அவருக்கு அப்பவே தெரியும்." பின்னால் பாடை நின்றது. தூக்கி வந்தவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். மாமா சகலையைப் பார்த்தார். சகலை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மாமா என்னைப் பார்த்தார். அந்த அம்மா பாடையில் கிடந்தார். நான் கட்டுப்பட்டிருந்த வாக்கு முடிந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாமா வழியை விட்டு ஒதுங்கினார். சகலை மறுபடியும் போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை யாரும் தட்டிவிடவில்லை. தம்பி அவர் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினான். சட்டி சாய்ந்து ஒரு நெருப்புத்துண்டு ரோட்டில் விழுந்தது.

"சட்டிய நேராப் புடி தம்பி" என்றார் சகலை. "அம்மா காத்துக்கினு இருக்காங்க. நட."